அம்புக்குறியார் புகழ்

ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள அந்த நாட்டுக்குள் கொஞ்சமாவது நடக்கவேண்டும் என்று நம்பி ஆயுளைத் தொலைத்தவர்கள் பல பேர். அந்த அறியாமையிலிருந்து நம்மைக் கரையேற்றியவர் அம்புக்குறியார். அவர் ஓர் ஆள் அல்லர், ஓர் இனம். தொலைக்காட்சி விவாதத்துக்குக் கோட் போட்டுக்கொண்டு வருவார். யூடியூபில் முழுக்கைச் சட்டையோடு வருவார். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைச் சுற்றி மாடிக்கு மாடி நடக்கும் பி.எஸ்.சி. பயிற்சி வகுப்பு மாதிரி இடங்களில் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு வருவார். எங்கே வந்தாலும் கையில் இரண்டு மார்க்கர் இருக்கும். கறுப்பு நாட்டுக்கு, சிவப்பு எதிரிக்கு. ஆறு, ஏரி வரைகிற வழக்கம் இல்லாததால் நீல மார்க்கர் செலவு மிச்சம்.

வரையும் அழகைக் கிட்டத்தில் இருந்து பார்க்கவேண்டும். கட்ச்சில் மார்க்கரை ஊன்றி ஒரே இழுப்பில் குமரிவரை இறக்குவார். அங்கே ஒரு திருப்பு, அப்படியே கல்கத்தாவுக்கு ஏற்றம். மேலே ஒரு நெளி, அது இமயமலை. அடியில் ஒரு சொட்டு, இலங்கை. இடப்பக்கம் மூன்று புள்ளி, மாலத்தீவு. இவ்வளவும் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். பிறகு சிவப்பைத் திறப்பார். குவாதரிலிருந்து ஓர் அம்பு, அம்பாந்தோட்டையிலிருந்து ஓர் அம்பு, சிட்டகாங்கிலிருந்து ஓர் அம்பு. மூன்றும் அளவெடுத்த மாதிரி வளைந்து நாட்டின் வயிற்றில் குத்தும். 'சீனாவின் முத்துமாலை' என்று பக்கத்தில் எழுதி அடிக்கோடு போடுவார். ஆயிரம் பக்கம் படித்தாலும் வராத பயம் அந்த மூன்று வளைவில் வந்துவிடும். கடைசிப் பெஞ்சில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். பொதுமக்களுக்கு இவ்வளவு மலிவாகப் பயம் கொடுக்கிற சேவையை வேறு எந்தத் துறையும் செய்வதில்லை.

இந்தக் கலைக்கு முன்னோர் உண்டு. ஜே.எஃப். ஹொராபின் என்ற ஆங்கிலேயர் கறுப்பு வெள்ளையில், தடித்த கோட்டில், எந்தப் பாமரனும் புரிந்துகொள்ளும்படி படம் போடுவார். நேரு சிறையிலிருந்து இந்திராவுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் 1939-ல் புதுப் பதிப்பாக வந்தபோது அதற்கு 50 படங்கள் வரைந்து கொடுத்தவர் அவர்தான். மனிதரிடம் ஒரு பலவீனம் இருந்தது. நடப்பு விவகாரங்களுக்கென்று அவர் போட்ட அட்லஸைப் புரட்டினால், ஒரு பக்கம் படம் என்றால் எதிர்ப்பக்கம் விளக்கம். படம் எதைச் சொல்கிறது என்று வாசகனுக்குப் புரியவேண்டுமாம். நேருவோ அதற்கும் மேலே. மொத்தம் 196 கடிதங்கள். நாலு கடிதத்துக்கு ஒரு படம் என்ற கணக்கு. அம்புக்குறியார் வந்துதான் இந்த விகிதத்தைச் சீர்செய்தார். கடிதங்களை எடுத்துவிட்டார்.

1904 ஜனவரியில் லண்டன் ராயல் புவியியல் சங்கத்தில் மெக்கிண்டர் உலகத்தை நாலைந்து வளைகோட்டுக்குள் அடக்கிக் காட்டியதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் மரபின் சிகரம் சர் சிரில் ராட்கிளிஃப். 1947 ஜூலை 8-ல் வந்தார். அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே அவருடைய தகுதியாகக் கருதப்பட்டது. ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாக்கிக் கொடுத்தார். கோடு எங்கே போகிறது என்பது ஆகஸ்ட் 17-ல், சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. பிறகு அவர் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து வாரம் கொஞ்சம் அதிகம் என்றுதான் இன்றைய அம்புக்குறியார் சொல்வார். அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும், அதிலும் இரண்டு நிமிடம் விளம்பரத்துக்குப் போய்விடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இந்தக் கலையின் மகிமை இன்னும் விளங்கும். வடக்கிலிருந்து தெற்கே இந்தியா சுமார் 3,214 கிலோமீட்டர். வெள்ளைப் பலகையில் அதை இரண்டடி உயரத்துக்கு, அதாவது 60 சென்டிமீட்டருக்கு வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 54 கிலோமீட்டர். 'திருவனந்தபுரம், தென் விமானப்படைத் தலைமையகம்' என்று சொல்லிக்கொண்டே மார்க்கரை அழுத்தி ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் புள்ளி வைக்கிறார். அந்தப் புள்ளிக்குள் ஆக்குளத்து விமானப்படைத் தலைமையகம் இருக்கிறது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா இருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கிறது. நெய்யாற்றின்கரையும் இருக்கிறது. நடுவில் கிழக்கேகோட்டை இருக்கிறது, மூடி போட்டு அழுத்திய மாதிரி.

அது மூடப்பட்டதில் எவ்வளவு நன்மை என்பதைக் கிழக்கேகோட்டையில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களே அறிவார்கள். பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டையின் கிழக்கு வாசல். வாசலுக்கு வெளியே காந்தி பார்க், அந்தப் பக்கம் புத்தரிக்கண்டம் மைதானம், குறுக்கும் நெடுக்குமாகக் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்கள், கோவளத்துக்கும் பூவாறுக்கும் ஏறுகிற கூட்டம். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் நிற்பதில்லை. பத்மதீர்த்தக் குளத்தங்கரையில் மேத்தன் மணி. மணி அடிக்கும்போது ஒரு தாடிக்காரர் முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் பக்கத்துக்கு ஒன்றாகக் கன்னத்தில் முட்டும். இத்தனையையும் வரைந்துகொண்டிருந்தால் சீனாவை எப்போது கவனிப்பது?

பழவங்காடிப் பிள்ளையாரையாவது விட்டிருக்கக்கூடாது என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. கிழக்கேகோட்டை நடுச்சந்தியில் ராணுவத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கும் கேந்திரம் அது ஒன்றுதான். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைக்காரர்கள் கும்பிட்ட பிள்ளையார், 1795-ல் தலைநகர் மாறியதை ஒட்டி அவரும் இங்கே வந்தார். அந்த நாயர் படை இந்திய ராணுவத்தில் கலந்தபோது கோயிலும் கூடவே போனது. இன்றும் நிர்வாகம் ராணுவத்தினுடையது. போர்த்தந்திரப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவர் ராணுவம் நடத்தும் கோயிலைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறார். செருப்பைக் கழற்றிக் கன்னத்திலும் போட்டுக்கொள்கிறார். ஆனால் பலகையில் பிள்ளையாருக்கு இடமில்லை. சிவப்பு மார்க்கருக்குத் தோதான விஷயம் இல்லையே.

மனிதப் புவியியல் என்று வந்தால் அம்புக்குறியாரின் மார்க்கரும் கைவண்ணமும் இன்னும் கூடும். மாநிலத்துக்கு ஒரு மொழி, மொழிக்கு ஒரு நிறம். கேரளம் முழுக்க ஒரே பச்சை. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பலசரக்கும் பாத்திரமும் விற்கும் தமிழ்க் கடைக்காரர்கள் அந்தப் பச்சைக்கு அடியில் சௌக்கியமாக இருக்கிறார்கள். வலியசாலை, கரமனை அக்கிரகாரங்களும் அப்படியே. வலியசாலையைத்தான் ராஜராஜன் கலம் அறுத்த காந்தளூர்ச்சாலை என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். ஆயிரம் வருஷ வழக்கு. பச்சை அடித்துவிட்டால் வழக்கும் தள்ளுபடி.

'அண்ணாச்சி, பிச்சி என்ன வெல?' என்று பூக்கடையில் கேட்பவர் நல்ல மலையாளத்தில் போனில் பேசிக்கொண்டே கேட்பார். கடைக்காரர் தமிழில் விலை சொல்லி மலையாளத்தில் சில்லறை கேட்பார். பூ தோவாளையிலிருந்து விடியற்காலையில் வந்தது. ஓணத்துக்குத் திருவனந்தபுரத்து வாசல்களில் போடும் அத்தப்பூக்களத்தில் பாதி நிறம் தோவாளைச் சந்தை வழியாக வந்தால்தான் உண்டு. ஓசூர்ப் பூவும் அங்கே வந்துதான் இங்கே ஏறும். கேரளத்தின் பெரிய பண்டிகை தமிழ்நாட்டுப் பூச்சந்தையை நம்பி நடக்கிறது என்பது ஒரு பெரிய போர்த்தந்திர ஓட்டை. இதை ஓர் அம்பாலாவது காட்டவேண்டாமா? ஆனால் மல்லிகை மூட்டை எந்தக் கப்பலிலும் வருவதில்லை.

எல்லைக் கோடும் கணக்கில் சேரவேண்டியது. கொஞ்சம் தேய்ந்த மார்க்கரின் கோடு மூன்று மில்லிமீட்டர் தடிமன் வரும். அவர் அளவில் அது 16 கிலோமீட்டர். பாறசாலையிலிருந்து களியக்காவிளை, குழித்துறை வழியாக மார்த்தாண்டம் போகிற தூரம் அந்தத் தடிமனுக்குள் தாராளமாக அடங்கும். அந்த ஊர்களில் இருக்கிற அத்தனை பேரும் கேரளத்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. கோட்டில் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு, ஓட்டு, நிலவரி, பஸ் கட்டணம் எதுவும் இல்லாத ஒரு மோட்ச நிலையை அவர்களுக்கு அருளியவர் அம்புக்குறியார்.

இந்தக் கோடு இங்கே விழுந்த கதையும் அவருடைய கலைக்குப் பொருத்தமானதுதான். மாநில மறுசீரமைப்புக் குழுவில் மூவர்: ஃபசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர். பணிக்கர் நம் திருவிதாங்கூரில், குட்டநாட்டுக் காவாலத்தில் பிறந்தவர். இந்தியாவின் விதி அதன் கடலில் இருக்கிறது என்று 1945-லேயே இந்துமகா சமுத்திரம் பற்றிப் புத்தகம் எழுதியவர். இன்றைய அம்புக்குறியார்கள் எல்லோரும் அவருடைய பேரப்பிள்ளைகள், புத்தகத்தைப் படிக்காத பேரப்பிள்ளைகள். குழு 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்குப் போயின. செங்கோட்டையிலும் ஒரு பகுதி போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின.

தெற்கே மொழி பார்த்தார்கள். மலையில் தண்ணீரும் தேயிலையும் ஏலமும் மாநிலத்தின் வரவுசெலவும் பார்த்தார்கள். ஒரே தாளில் இரண்டு அளவுகோல் வைத்து வரைய அபாரமான கைப்பக்குவம் வேண்டும். தோட்டத் தொழிலாளிகள் இன்று வந்து நாளை போகிறவர்கள், அவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்ற வாதமும் அப்போது பலமாகக் கேட்டது. அப்படி நாளை போகவேண்டியவர்களின் பேத்திமார் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போனஸ் கேட்டார்கள். 'பொம்பளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்காமல், தமிழில் கோஷம் போட்டார்கள். பச்சை மாநிலத்துக்குள் அது எந்த நிறம் என்று கேட்டால், நல்ல ஆசிரியர் 'இது சிலபஸில் இல்லை' என்று சொல்லிவிடுவார்.

தென் தாலுகாக்களின் பக்கமும் எல்லாம் மார்க்கரால் நடந்துவிடவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வருஷக்கணக்கில் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். பிரிந்தபோது கேரளம் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாட்டை இழந்தது. பிறகு அரிசிக்கு எல்லை தாண்டிக் கையேந்தியது. இதில் ஒவ்வொன்றும் வகுப்பில் ஒரு மணி நேரத்தைச் சாப்பிடக்கூடிய விஷயம். அம்புக்குறியார் மாணவர்களின் நேரத்தை மதிக்கிறவர். ஒரு கோடு, ஒரு வருஷம், அடுத்த கேள்வி.

அவர் தொழிலைச் சட்டமும் அன்போடு ஆதரிக்கிறது. சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் படத்துக்கு மாறாக இந்தியப் படத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1961-ம் வருஷத்துக் குற்றவியல் திருத்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே மேலே காஷ்மீர் நெளிவை மட்டும் அவர் மிகுந்த பயபக்தியோடு போடுவார். யாரும் குடியிருக்காத பனிமலையில் ஒரு மயிரிழை பிசகினால் குற்றம். உள்ளே ஒரு கடைத்தெருவை ஆள் சகிதம் துடைத்துவிட்டால் எந்தப் பிரிவிலும் வராது. இந்த நீதியின் நுட்பத்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அவருடைய புகழ் உச்சத்துக்குப் போனது விழிஞ்ஞத்தால். சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து பத்துக் கடல் மைல், இயற்கையாகவே ஆழம், கொழும்புக்குப் போட்டி. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் சான் ஃபெர்னாண்டோ வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் திறந்துவைத்தார். இதுவரை உள்ளே குத்திக்கொண்டிருந்த அம்புகளுக்கு நடுவே வெளியே பாய்கிற ஓர் அம்பு கிடைத்தது. அதைப் போடும்போது அவர் கை சற்றே நடுங்கும், தேசபக்தியால். கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த அம்பின் அடிக்கே போய் நிற்கலாம். போனால் கெடுதல். 2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை துறைமுக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த மீனவர்களைப் பற்றி அங்கே யாராவது பேச்செடுப்பார்கள். கடல் வீட்டைக் கொண்டுபோனபின் வலியதுறை சிமென்ட் கோடவுனுக்குள் துணித்தடுப்புக் கட்டி வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவர்கள் கதை வரும். கரை அரிப்புக்குத் துறைமுகம் காரணமா, இல்லையா என்று தொடங்கினால் அம்பின் கூர் மழுங்கிவிடும். படத்தில் கடற்கரை ஒரு வழவழப்பான கோடு, கோடு அரிக்காது.

இவரோடு ஒப்பிட்டால் பழைய ஆட்கள் எவ்வளவு விவரம் இல்லாதவர்கள் என்று பரிதாபம்தான் வருகிறது. லெப்டினன்ட் வார்டு, லெப்டினன்ட் கானர் என்று இரண்டு பேர் 1816-லிருந்து 1820வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். காட்டிலும் மேட்டிலும் காய்ச்சலோடு கிடந்தார்கள். மலைப்பாதை எது, மாடு போகுமா, எந்த ஊரில் எத்தனை வீடு, என்ன விளைகிறது, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்கள். பட்டாளத்துக்காரர்கள்தான், படை நடத்தவே படம் கேட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஏழு வருஷம் முன்னால்தான், 1809-ல், ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்துக்கொண்டு கம்பெனிப் படை உள்ளே வந்திருந்தது. அப்படியிருந்தும் ஒரு சிவப்பு அம்பு போடத் தோன்றாமல் வீடுகளை எண்ணியிருக்கிறார்கள்.

எழுத்தாளர் ஆ. மாதவன் இன்னும் மோசம். சாலைத் தெருவில் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களை வைத்தே 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். சுமைதூக்குகிறவன், திருடன், தெருவில் நிற்கிறவள் என்று ஆள் ஆளாக. 2015-ல் சாகித்ய அகாதமி விருதுகூட அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தெருவைச் சொல்லி முடிக்க ஓர் ஆயுள் எடுத்துக்கொண்டவர் தேசத்துக்கு எப்போது வருவார்?

இத்தனை புகழ்ந்த உரிமையில் அம்புக்குறியாரிடம் ஒரு சின்ன விண்ணப்பம். வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் தமிழ்நாட்டுக்குள் பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு நடமாட்டம் தொடங்குகிறது. அந்த அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை என்பதே கவனிக்கத்தக்க ஊடுருவல். அங்கே ராஜாவின் உடைவாள் கைமாறுகிறது, வாங்கவும் கொடுக்கவும் அமைச்சர்கள் அதிகாரிகள் வருகிறார்கள். தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் ஏறுகிறாள். வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறையில் தங்கல், மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டல், அன்றிரவு நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கோட்டைக்குள் நுழைவு. எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கிறார்கள். சுடுவதற்குப் பதிலாக மரியாதை அணிவகுப்பு நடத்துகிறார்கள். உள்ளே வந்தபின் மூவரும் பிரிந்து மூன்று இடத்தில் நிலைகொள்கிறார்கள்: சரஸ்வதி நவராத்திரி மண்டபத்தில், குமாரசாமி ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். விழா முடிந்தால் வந்த வழியே திரும்புகிறார்கள்.

பலகையில் போட்டால் நன்றாக வரும். தென்கிழக்கிலிருந்து மூன்று சிவப்பு அம்பு, முன்னால் ஒரு வாள், நடுவில் யானைப்படை, வழியில் இரண்டு இரவு முகாம், தலைநகரத்தைச் சுற்றி மூன்று நிலை. அடுத்த வகுப்பில் 'திருவனந்தபுரத்துக்குத் தெற்கிலிருந்து வரும் அச்சுறுத்தல்' என்று தலைப்புப் போட்டு நடத்தலாம். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கும் கேட்கலாம்.